ஒரு ரிப்பனுக்கு ஒரு தட்டா?

சென்ற டிசம்பரில் எங்கள் கணிப்பொறி அறையில் ஒரு வழக்கு நடந்தது. குற்றவாளிக் கூண்டில் நின்றவர்கள் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள நம் தங்கைகள்.

இயந்திரங்களைப் பழுது பார்க்க அனுப்புமுன், அவற்றிலிருந்த தட்டச்சுப் பயிற்சிகளை ஒரு பென் டிரைவில் எடுத்து வைக்கும்படி சிஸ்டர் என்னிடமும் என் தோழியிடமும் சொன்னார். 250 மாணவிகள், ஆளுக்கு 120 பயிற்சிகள். ஆக 30,000 கோப்புகள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு கே.பி. எல்லாம் சேர்ந்தாலும் 30 எம்.பி.க்குள் அடங்கிவிடும். அந்த 64 ஜி.பி. பென் டிரைவில் ஆண்டு விழாப் படங்கள் போக 3 ஜி.பி. காலியாகவே இருந்தது. ஆனால் 24,000 கோப்புகளுக்குச் சற்று மேல் ஏறியதும் “இடம் போதாது” என்று நின்றுவிட்டது.

“சின்னப் பிள்ளைகள் கிறுக்கியதுதானே, அழித்துவிடலாம்” என்று உடனே தீர்ப்பும் வந்தது. நான் அதை ஒப்பவில்லை. இன்றும் ஒப்ப மாட்டேன். ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, இறந்துபோன தன் பாட்டியைப் பற்றி நாலு வரி தட்டி வைத்திருந்தாள். அது கிறுக்கலா?

உண்மையில் நடந்தது என்ன? நம் விடுதியில் ஒருத்திக்கு ஒரு அலமாரித் தட்டு. அதில் ஒரே ஒரு ரிப்பனை வைத்தாலும் தட்டு அவளுடையதே. பக்கத்துக் கட்டில்காரி தன் போர்வையை அங்கே திணிக்க முடியாது. கணிப்பொறியும் அப்படித்தான் தன் இடத்தைச் சமமான கட்டங்களாகப் பிரிக்கிறது. ஒரு கட்டத்தில் இரு கோப்புகள் குடியிருப்பதில்லை. விண்டோஸ் இயந்திரத்தின் வட்டில் பெரும்பாலும் ஒரு கட்டம் 4 கே.பி. ஆனால் எக்ஸ்ஃபாட் முறையில் அமைத்த 64 ஜி.பி. பென் டிரைவில் அது வழக்கமாக 128 கே.பி.! தமிழில் ‘அம்மா’ என்று தட்டினால் 15 பைட். (அம்மாவுக்கு அவ்வளவும் தகும்.) அந்த ஒரு சொல்லுக்காக 1,31,072 பைட் கொண்ட கட்டம் முழுவதும் போய்விடும். அந்தக் கணக்குப்படி 30,000 கோப்புகளுக்கு 3,750 எம்.பி. வேண்டும். இருந்ததோ 3 ஜி.பி.

இயந்திரத்தையும் குறை சொல்வதற்கில்லை. கட்டங்கள் சிறிதானால் எது எங்கே என்று எழுதி வைக்கும் அட்டவணை நீண்டுவிடும். ஆண்டு விழாப் படம் போன்ற பெரிய கோப்புக்குப் பெரிய கட்டமே வசதி. துண்டுச் சீட்டுகளுக்குத்தான் அது நஷ்டம்.

நாங்கள் 30,000 கோப்புகளையும் ‘ஜிப்’ செய்து ஒரே மூட்டையாகக் கட்டினோம். 30 எம்.பி. கூட வரவில்லை! இதிலும் ஒரு ஆபத்து உண்டு. மூட்டை கெட்டால் உள்ளே இருப்பவை எல்லாமே கெடக்கூடும். ஆகவே இரண்டு பிரதிகள் எடுத்தோம்.

ஒரு கே.பி. என்பது 1,024 பைட் என்று மனப்பாடம் செய்கிறோம். ஒரு கோப்பின் ‘பண்புகள்’ பகுதியைத் திறந்தால் ‘அளவு’ என ஒரு வரியும், ‘வட்டில் பிடிக்கும் அளவு’ என இன்னொரு வரியும் இருப்பதை நமக்கு யாரும் காட்டவில்லை. செய்முறை வகுப்பில் முதல் நாளே இதைக் காட்ட வேண்டும் என்பது என் கருத்து. ஐந்து நிமிடம் போதும். அன்று அது தெரிந்திருந்தால், அழிக்கும் பேச்சே எழுந்திராது.

பாட்டியைப் பற்றி எழுதிய அந்தத் தங்கைக்கு இந்த வழக்கு நடந்ததே தெரியாது. இரண்டாவது பிரதி சிஸ்டரின் மேசை இழுப்பறையில் இருக்கிறது.

— பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு