அப்பாவுக்கு இது போதும்டா!

தலைப்புல இருக்கிற வசனத்தை நீங்களும் கேட்டிருப்பீங்க. பொட்டி தட்டுற கும்பல்ல யாராவது ஒருத்தன் வாரத்துக்கு ஒரு தடவை சொல்றான். தனக்குன்னா ஒன்றரை லட்சத்துல பொட்டி வாங்கி அதுல பாதி நேரம் படம் பாக்கிறவன், ஊர்ல இருக்கிற அப்பாவுக்குன்னு வரும்போது மட்டும் திடீர்னு சிக்கனத் திலகம் ஆயிடுவான். "அவர் என்னடா பண்ணப் போறாரு? ரெண்டு மெயில், ஒரு எக்ஸெல். இருபத்தஞ்சாயிரத்துல ஒண்ணு தட்டி விட்ருவோம்." இன்னொரு கோஷ்டி இதை விட மோசம். அலமாரியில தூங்குற எட்டு வருஷத்துப் பழைய பொட்டியைத் துடைச்சு பார்சல் கட்டி ஊருக்கு அனுப்பிட்டு, குடும்ப வாட்ஸப் குழுவில போட்டோ வேற போடுவாங்க.

எனக்கு ஏன் இவ்ளோ எரியுதுன்னா, எங்கப்பா கோவில்பட்டியில கடைக்கணக்கு எழுதுறவர். வயசு அறுபத்திரண்டு. பலசரக்கு, பாத்திரக்கடை, கடலைமிட்டாய் போடுறவங்க ரெண்டு பேர்னு மொத்தம் பதினாலு பேருக்கு ஜிஎஸ்டி பாக்கிறார். 2017 ஜூலையில ஜிஎஸ்டி வந்ததுக்கு அப்புறம் கம்ப்யூட்டர் இல்லாம அந்தத் தொழில் கிடையாது. மாசாமாசம் தாக்கல் பண்றவங்களுக்கு 11-ம் தேதி ஒண்ணு, 20-ம் தேதி ஒண்ணு. 20-ம் தேதி 3பி தாண்டிச்சுன்னா ஒரு நாளைக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம், வியாபாரமே இல்லேன்னாலும் 20 ரூபாய். கட்டுறது கடைக்காரர். பேச்சு வாங்குறது கணக்கு எழுதுறவர். இப்ப சொல்லுங்க, இவர் "சும்மா மெயில் பாக்கிற" ஆளா? சாயங்காலம் ஆறு மணிக்கு உங்க பொட்டி நின்னு போனா மேனேஜர்கிட்ட சொல்லிட்டு டீ குடிக்கப் போவீங்க. 20-ம் தேதி ராத்திரி அவர் பொட்டி சுத்திக்கிட்டே நின்னா, அவர் எந்த மேனேஜர்கிட்ட சொல்லுவார்?

முதல்ல கனம். வழக்கமான 15.6 இஞ்ச் பொட்டி ஒண்ணே முக்கால் கிலோவுல இருந்து ரெண்டு கிலோ வரைக்கும் வரும். கேமிங் பொட்டின்னா அதுக்கும் மேல, செங்கல் மாதிரி அடாப்டர் தனி. நல்ல 14 இஞ்ச் பொட்டி 1.2 - 1.4 கிலோவுல இருக்கு. "அரைக்கிலோ வித்தியாசத்துல என்னடா வந்துடுச்சு"ன்னு ஒருத்தன் கேட்டான். பில்லு கட்டு, பேரேடு, தண்ணி பாட்டில், கண்ணாடிக் கூடு எல்லாம் ஏற்கனவே இருக்கிற பையில அந்த அரைக்கிலோவையும் போட்டு, ஒத்தத் தோள்ல மாட்டி, பஸ் ஸ்டாண்டுல இருந்து நாலு கடைக்கு நடந்துட்டு வந்து கேளு ராசா. அப்புறம் பேசலாம்.

உடனே வரும் அடுத்த ஞானம்: "வயசானவங்களுக்குக் கண்ணு தெரியாது, பெரிய திரையா வாங்கு." வெள்ளெழுத்துக்கும் இஞ்சுக்கும் என்ன சம்பந்தம்? மலிவுப் பொட்டியில 1366க்கு 768 திரை வரும். அதுல எழுத்தைப் பெரிசாக்கினா பாதி ஜன்னல்ல 'ஓகே' பொத்தான் திரைக்குக் கீழ ஓடிப் போயிடும். அப்புறம் 'எதை அமுக்கணும்'னு உங்களுக்கு போன் வரும், நீங்க சலிச்சுக்குவீங்க. 14 இஞ்சா இருந்தாலும் 1920க்கு 1200, பளபளக்காத ஐபிஎஸ் திரை, நல்ல வெளிச்சம் இருந்தா 150 சதவீதம் வச்சாலும் தெளிவா நிக்கும். கல்லாப் பக்கத்துல ஸ்டூல் போட்டு வெளி வெளிச்சத்துல உக்காந்து பாக்கிறவருக்கு இதுதான் முக்கியம். வீட்டுக்குப் பெரிசா வேணும்னா தனியா ஒரு மானிட்டர் வாங்கி மாட்டி விடுங்க.

அந்த இருபத்தஞ்சாயிரம் சமாச்சாரத்துக்கு வருவோம். 4 ஜிபி ரேம், எஸ்எஸ்டி-க்குப் பதிலா போர்டோட ஒட்டின ஈஎம்எம்சி. விண்டோஸ் அப்டேட் வந்தா அன்னிக்கு லீவு விட்டுடலாம். டேலி, ஜிஎஸ்டி தளம், வாட்ஸப்ல வந்த முப்பது பில் பிடிஎஃப் மூணையும் ஒண்ணா திறந்தா முக்கி முனகும். மெல்லிசு பொட்டிகள் நிறையத்துல ரேமை போர்டுலயே பத்த வச்சுடுறாங்க, அப்புறம் கூட்ட முடியாது. அதனால வாங்கும்போதே 16 ஜிபி. பழைய பொட்டி தானம் பண்ற தர்மகர்த்தாக்களுக்கு ஒரு வார்த்தை: விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சது, எட்டாம் தலைமுறைக்கு முந்தின இன்டெல் சிப்பை விண்டோஸ் 11 முறைப்படி ஏத்துக்காது. பதினாலு கடையோட கடவுச்சொல் இருக்கிற பொட்டிக்குப் பூட்டு இல்லேன்னா எப்படி?

நிற்க. அதுக்காக 'விலை கூடினதா ஒண்ணு'ன்னு கண்ணை மூடிக்கிட்டு மேக்புக் ஏர் வாங்கிக் குடுக்கிறதும் அதே ரகம்தான். 1.24 கிலோ, அழகு, எல்லாம் சரி. டேலி விண்டோஸ் மென்பொருள். க்ரோம்புக்குக்கும் இதே பதில்தான். டிஜிட்டல் கையெழுத்துக் குச்சி பழைய அகல யுஎஸ்பி-யில சொருகுறது, நிறைய மெல்லிசு பொட்டியில அந்த ஓட்டையே கிடையாது. 14 இஞ்சுல எண் பலகையும் இருக்காது. கணக்கு எழுதுறவர் விரல் அதைத்தான் தேடும். தனியா யுஎஸ்பி எண் பலகை சில நூறு ரூபாய்க்குக் கிடைக்குது. பக்கத்துல உக்காந்து அவர் வேலை பண்றதை ஒரு மணி நேரம் பாத்திருந்தா இதெல்லாம் தானா தெரியும். பாக்காம ஆஃபர் பக்கத்தை மட்டும் பாத்தா தெரியாது.

எல்லாத்தையும் விட எனக்குக் கடுப்பேத்துறது ஒண்ணு இருக்கு. "நான் வாங்கித் தர்றேன்னுதான்டா சொன்னேன், அவர்தான் வேணாம்னுட்டாரு." அடேய், காலேஜ் ஃபீஸ் கட்டின வருஷம் புதுச் செருப்பு கூட வேணாம்னு சொன்ன மனுஷன்டா அவர்! அன்னிக்கு 'வேணாம்'னதுக்கு அர்த்தம் உனக்குத் தெரியும். இன்னிக்கு அதே வார்த்தை வசதியா இருக்குன்னு அப்படியே எடுத்துக்கிட்டே. அவரைப் போய் 'எனக்கு 16 ஜிபி வேணும்'னு வாய் திறந்து கேக்க வைக்கணுமா?

எங்கப்பாவுக்கு 2024-ல நான் வாங்கினது 1.4 கிலோ, 14 இஞ்ச், 16 ஜிபி, 512 எஸ்எஸ்டி, அம்பத்தெட்டாயிரம். வீட்டுக்கே வந்து ரிப்பேர் பாக்கிற வாரன்டியா பாத்து எடுத்தேன். கோவில்பட்டியில இருந்து சர்வீஸ் சென்டரைத் தேடி மதுரைக்கு அவர் பஸ் ஏறக் கூடாது பாருங்க. யுஎஸ்பி-சி சார்ஜர், தொலைஞ்சா ஊருக்குள்ளயே வாங்கிக்கலாம். டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணினவர், தமிழ்99 பழகச் சொன்னா முறைப்பார். அதனால என்எச்எம் ரைட்டர் போட்டு அந்தப் பழைய தட்டச்சு அமைப்பையே வச்சுக் குடுத்தாச்சு. கடைக்காரங்களுக்குக் கடிதமெல்லாம் இப்ப என்னை விட வேகமா அடிக்கிறார்.

விலை கேப்பாங்க. பத்தாயிரம் குறைச்சுச் சொல்லுங்க. டப்பாவுல ஒட்டியிருக்கிற விலைச் சீட்டை மறக்காம கிழிச்சுடுங்க, கணக்கு எழுதுறவங்க கண்ணுல அதுதான் முதல்ல படும்.