டிராலிகளுக்கு நடுவே ஓர் அச்சு ஏடு

அச்சு ஏட்டின் காலம் முடிந்துவிட்டது, இனிச் செய்தியெல்லாம் திரையில்தான் என்னும் வாதம் முதலாளித்துவ நிர்வாக வல்லுநர்களிடமிருந்து வந்தால் அதில் வியப்பில்லை. அதே வாதம் இப்போது கட்சிக் கிளைகளுக்குள்ளும் ஒலிக்கிறது. வார ஏட்டைப் பிடிஎஃப் வடிவில் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டால் போதும். அச்சுச் செலவும் அஞ்சல் செலவும் மிச்சம். சந்தாவுக்காக அலையவும் வேண்டாம் என்று சில தோழர்கள் கணக்குப் போட்டுக் காட்டுகிறார்கள். ரூபாய்க் கணக்கு சரிதான். அரசியல் கணக்கைத்தான் அவர்கள் போடவில்லை.

இதற்கு மறுப்பாக வழக்கமாக எழும் குரலாலும் பயனில்லை. காலைக் காப்பி, மையின் மணம், பக்கத்தைப் புரட்டும் சுகம் என்று உருகுவது நடுத்தர வர்க்கத்தின் ஏக்கமே தவிர வாதம் அன்று. அச்சில் வருவதாலேயே ஓர் ஏடு உழைப்பாளிக்கு நண்பனாகிவிடுவதில்லை. 2009 மக்களவைத் தேர்தலில் வேட்பாளர்களிடம் பணம் பெற்றுக்கொண்டு விளம்பரத்தைச் செய்தியாக வெளியிட்டதாகக் குற்றச்சாட்டுக்கு உள்ளானவற்றில் பெரிய அச்சு நாளேடுகளும் இருந்தன. மஜீதியா ஊதியக் குழுவின் பரிந்துரையை 2014இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்த பிறகும், தம் ஊழியர்களுக்கு அதைத் தராமல் இழுத்தடித்த பத்திரிகை நிர்வாகங்கள் பல. ஆகவே தாளா திரையா என்பதோடு கேள்வி முடிவதில்லை. செய்தி யார் கையில் இருக்கிறது, அது யாரை யாரோடு சேர்க்கிறது என்பதையும் கேட்டாக வேண்டும்.

இதைத் தில்லியின் எல்லையில் விவசாயிகள் நடைமுறையில் காட்டினார்கள். 2020 நவம்பர் இறுதியில் பஞ்சாப், ஹரியானா விவசாயிகள் சிங்குவையும் திக்ரியையும் வந்தடைந்தபோது, டிராக்டர்களும் அவை இழுத்துவந்த டிராலிகளும் நெடுஞ்சாலையில் பல கிலோமீட்டர் நீளத்துக்கு நின்றன. செல்பேசி இல்லாத இளைஞர் அங்கே அரிது. இணையமும் மலிவு. போராட்டக் காட்சிகளை அவர்கள் உலகுக்கு அனுப்பியதும் செல்பேசி வழியாகத்தான். இருந்தும் டிசம்பர் 18 அன்று, பஞ்சாபியிலும் இந்தியிலுமாக நான்கு பக்க ஏடு ஒன்று அச்சேறி வந்தது. பெயர் ‘டிராலி டைம்ஸ்’.

கையில் திரை இருக்கும்போது தாள் எதற்கு? மேடைப் பேச்சு பின்வரிசை டிராலிகளை எட்டவில்லை. சிங்குவில் நடப்பது திக்ரிக்குத் தெரியவில்லை. போராட்டத்தின் முதுகெலும்பாக நின்ற முதியவர்களுக்குச் செல்பேசித் திரை பழகிய இடமன்று. தொலைக்காட்சிகளோ அவர்களைக் காலிஸ்தானிகள் என்று தூற்றிக்கொண்டிருந்தன. இந்நிலையில் எல்லோரும் ஒரே செய்தியைப் படித்து அதன்மேல் பேசுவதற்கு ஒரு பொதுத் தாள் தேவைப்பட்டது. லெனின் ‘இஸ்க்ரா’ நாட்களில் ஏட்டைக் கூட்டு அமைப்பாளர் என்று விளக்கியதைக் கட்சி வகுப்புகளில் மனப்பாடம் செய்கிறோம். அவ்விளைஞர்களில் எத்தனை பேர் அதைப் படித்திருந்தார்களோ, தேவை அவர்களையும் அங்கேயே கொண்டு சேர்த்தது.

ஏடு வெளிவந்த இரண்டாம் நாளே ‘கிசான் ஏக்தா மோர்ச்சா’வின் முகநூல் பக்கம் முடக்கப்பட்டது. கண்டனம் எழுந்ததும் சில மணி நேரத்தில் திருப்பித் தரப்பட்டது. தானியங்கி ஏற்பாடு செய்த வேலை என்று நிறுவனம் விளக்கம் சொன்னது. 2021 ஜனவரி 26 பேரணிக்குப் பிறகு எல்லைகளில் இணையமே துண்டிக்கப்பட்டது. பிப்ரவரி 1 அன்று ஒன்றிய அரசு கேட்டுக்கொண்டதன் பேரில் ட்விட்டர் அதே அமைப்பின் கணக்கையும் ‘கேரவன்’ இதழின் கணக்கையும் இன்னும் பலவற்றையும் முடக்கியது. அந்தப் பக்கங்களை நிரப்பியவர்கள் விவசாயிகள். பூட்டும் சாவியும் வேறிடத்தில் இருந்தன.

வேறிடம் எது என்பதும் மறைவானதன்று. 2020 ஏப்ரலில், நாடு ஊரடங்கில் முடங்கிக் கிடந்த வேளையில், ஜியோ நிறுவனத்தின் 9.99 விழுக்காட்டுப் பங்கை 43,574 கோடி ரூபாய் கொடுத்து முகநூல் வாங்கியது. வாட்ஸ்அப்பும் முகநூலின் உடைமையே. ஜியோவின் முதலாளியிடம் நியூஸ்18 தொலைக்காட்சிகளும் உள்ளன. கம்பியும் மேடையும் செய்தியும் கைகோத்து நிற்கின்றன. விவசாயிகள் ஜியோ சிம் அட்டையைப் புறக்கணிக்க அழைப்பு விடுத்தபோது அதைக் கோபத்தின் வெளிப்பாடு என்று மட்டும் பார்த்தவர்கள் இந்த உடைமை உறவைப் பார்க்கத் தவறினார்கள்.

அச்சு ஏட்டை அரசு நசுக்க முடியாதா என்று கேட்கலாம். முடியும், நசுக்கியும் இருக்கிறது. 1975 ஜூன் 25 இரவு தில்லியில் நாளேட்டு அச்சகங்களின் மின்சாரத்தையே வெட்டினார்கள். ஆனால் அடுத்த நாட்களில் ‘இந்தியன் எக்ஸ்பிரஸ்’ தலையங்கத்துக்குரிய இடத்தை வெற்றாக விட்டு வெளியிட்டபோது, அந்த வெண்மையை வாசகர் கண்ணால் கண்டார். தணிக்கை தன் தடயத்தைத் தாளில் விட்டுச் சென்றது. திரையில் அந்த வெற்றிடம் தெரிவதில்லை. எந்தச் செய்தியைக் கீழே தள்ளுவது என்று நிரல் முடிவு செய்கிறது. வந்து சேராத செய்தி வரவில்லை என்பதே வாசகருக்குத் தெரியாது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின்கீழ் பிறக்கும் தடை ஆணைகளோ விதிப்படியே ரகசியமானவை. 2025 பிப்ரவரியில், பிரதமரைக் கைவிலங்கோடு வரைந்த ஒரே ஒரு கேலிச்சித்திரத்துக்காக ‘விகடன்’ இணையதளம் முழுவதும் முடக்கப்பட்டது. அச்சித்திரத்தை அப்போதைக்கு நீக்கிவைக்கும் நிபந்தனையோடுதான் மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் தளத்தைத் திறக்கச் சொன்னது. ஒரு சித்திரத்துக்காக ஓர் ஏட்டின் எல்லாப் பழைய இதழ்களையும் எல்லா வீடுகளிலிருந்தும் ஒரே நொடியில் பிடுங்கும் வசதி 1975இன் தணிக்கை அதிகாரிக்கு இல்லை.

சேர்ந்து படிப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். கண்ணூரின் பீடிக் கூடங்களில் ஒரு தொழிலாளி நாளேட்டை உரக்கப் படிக்க, மற்றவர்கள் சுற்றிக்கொண்டே கேட்டார்கள். படிப்பவருக்கு அன்று குறையும் கூலியை ஈடுகட்டத் தாம் சுற்றிய பீடிகளில் ஒரு பங்கை ஒதுக்கித் தந்தார்கள். எழுத்தறியாதவரும் அங்கே வாசகர். செய்தி முடிந்ததும் தர்க்கம் தொடங்கும். தர்க்கத்திலிருந்து சங்கம் வளர்ந்தது. இன்று ஒரே ஆலையில் ஒரே ஷிப்டில் வேலை செய்யும் பத்துப் பேர் தேநீர் இடைவேளையில் பத்துத் திரைகளைப் பார்க்கிறார்கள். பத்துத் திரையிலும் செய்தி வேறு. சிலவற்றில் பக்கத்தில் நிற்கும் தொழிலாளியின் மதத்தைப் பற்றிய நஞ்சு.

இணையத்தைக் கைவிடச் சொல்லவில்லை, விவசாயிகளும் கைவிடவில்லை. பொய்க்கு அதே மணி நேரத்தில் மறுப்புச் சொல்ல அது வேண்டும். ஆனால் பிடிஎஃப் கோப்பை அனுப்பிவிட்ட கிளைச் செயலாளருக்குக் கிடைப்பது நீலக் குறி மட்டுமே. சந்தா புதுப்பிக்கப் படியேறும் தோழருக்குத்தான், எங்கள் ஆலைக் கதவடைப்பைப் பற்றி உங்கள் ஏட்டில் ஒரு வரிகூட இல்லையே என்னும் வசவு கிடைக்கும். அந்த வசவு ஆசிரியர் குழுவுக்கு வந்து சேர வேறு வழி எது?

பிரிக்கப்படாமல் அலுவலக மூலையில் கிடக்கும் கட்டுகளைச் சுட்டிக்காட்டி, படிக்க ஆளில்லை என்கிறார்கள். கட்டைப் பிரித்து எந்தத் தெருவுக்கு எந்தத் தோழர் கொண்டு செல்வது என்ற முடிவு எத்தனை கிளைகளின் மினிட் புத்தகத்தில் பதிவாகியிருக்கிறது?