முதல்ல எந்தப் புத்தகம்?

நம்ம வீடியோ பாக்குற ஒரு தம்பியை சிதம்பரம் மேல வீதியில பாத்தேன். "அண்ணே, இந்த மாசம் ஒரு புத்தகம்தான் வாங்க முடியும். ப்ராடக்ட் டிசைனா, பிஹேவியரல் எகனாமிக்ஸா?"ன்னு கேட்டாரு.

டான் நார்மனோட 'தி டிசைன் ஆஃப் எவ்ரிடே திங்ஸ்' அருமையான புத்தகம். கதவைத் தள்ளணுமா இழுக்கணுமான்னு நாம முழிச்சா, தப்பு கதவை வடிவமைச்சவர் மேலன்னு புரியவைக்கும். ஆனா சம்பளத்துல ஓடுற உங்களுக்கு என் ஓட்டு 'ஸ்கேர்சிட்டி'க்குத்தான். 2013-ல வந்தது. எழுதின ரெண்டு பேர்ல ஒருத்தர் தமிழ்நாட்டுல பிறந்த செந்தில் முல்லைநாதன்.

அதுல வர்ற ஓர் ஆய்வு நம்ம பக்கத்துலயே நடந்தது. விழுப்புரம், திருவண்ணாமலை பக்கம் 464 கரும்பு விவசாயிகளோட யோசிக்கிற திறனை அறுவடைக்கு முன்னாடி ஒரு தடவை, பின்னாடி ஒரு தடவை சோதிச்சாங்க. அதே ஆள்தான். கையில காசு இல்லாதப்ப மதிப்பெண் குறைஞ்சுது. பணக்கவலை மூளையில இடத்தை அடைச்சுக்குதுன்னு சொல்றாங்க.

நமக்கு அறுவடை ஒண்ணாம் தேதி. லோன் ஆப் நோட்டிஃபிகேஷன் 25-ஆம் தேதி வந்தா, அந்தப் பெரிய பட்டனை அமுக்கப்போறது எந்த நிலைமையில இருக்குற நீங்க? (பட்டனை வடிவமைச்சவங்க ரெண்டு புத்தகமும் படிச்சிருப்பாங்க!) 20-ஆம் தேதிக்கு மேல எந்தக் கடனுக்கும் நான் ஓகே சொல்றதில்ல. நார்மனை அடுத்த சம்பளத்துல வாங்கிக்கங்க.