எழுத்துக்கும் ஜாதியா?

மனிதனுக்கு ஜாதி கற்பித்தவர்கள் அவன் தின்னும் சோற்றுக்கும் குடிக்கும் தண்ணீருக்கும் ஜாதி கற்பித்தார்கள். ஜெர்மனியிலோ அச்சுக்கூடத்து ஈய எழுத்துக்கே ஜாதி கற்பித்தார்கள் என்றால் வாசகர்கள் சிரிக்கக்கூடும். ஆனால் சங்கதி சிரிக்கத்தக்கதல்ல.

ஜெர்மானியர் பல நூற்றாண்டுகளாகப் புத்தகம் அச்சிட்டு வந்தது பெரும்பாலும் "பிராக்டூர்" முதலிய கோண எழுத்துக்களில். வளைய வேண்டிய இடத்தில் ஒடிந்து நிற்கும் எழுத்து அது. 1933-ல் ஹிட்லர் கூட்டத்தார் அதிகாரத்துக்கு வந்ததும், கோண எழுத்தே சுத்த ஜெர்மன் எழுத்து என்கின்ற கூச்சல் ஓங்கிற்று. எழுத்து வார்க்கும் கம்பெனிக்காரர்களும் காற்றடித்த பக்கம் தூற்றிக்கொண்டார்கள். சுழிப்பையெல்லாம் வெட்டியெறிந்து, தடித்து, நெருங்கி, ஈட்டி நட்டதுபோல் நிற்கும் புது எழுத்துக்களை வார்த்து, "நாஷனல்" என்றும் "டாய்ச்லாண்ட்" என்றும் பெயர் வைத்தார்கள். "டானன்பெர்க்" என்று ஒன்று. 1914-ல் ருஷியரை ஜெயித்த யுத்தத்தின் பெயர் அது. பெர்லினில் பூமிக்கடியில் ஓடும் ரயிலின் ஸ்டேஷன் பலகைகளில்கூட அவ்வெழுத்து ஏறிற்று. இவ்வகை எழுத்துக்களைப் பின்னாளில் "பட்டாளத்து பூட்ஸ் எழுத்து" என்று பரிகசித்தார்கள்.

எழுத்தை எழுத்தாகப் பார்ப்போம். நெருக்கமான எழுத்தானதால் குறுகிய இடத்தில் அதிக வார்த்தை கொள்ளும். தடித்ததானதால் தூரத்திலிருந்தே கண்ணை இழுக்கும். ஆகவே சுவர் நோட்டீசுக்கும் தலைப்புக்கும் நன்று. பக்கம் பக்கமாகப் படிப்பதென்றால் கண் நோகும். அதன் குணமும் குற்றமும் இவ்வளவே. இதில் இரத்தம் எங்கே வந்தது? ஈயத்தை உருக்கிப் பார்த்தால் இனம் தெரியுமா என்று கேட்கின்றோம்.

1937-ல் யூதப் பதிப்பாளர்கள் கோண எழுத்தை உபயோகிக்கக்கூடாதென்று பிரசார மந்திரி இலாகா தடுத்தது. நான்கு வருஷம் செல்லவில்லை. 1941 ஜனவரி 3-ந் தேதி ஹிட்லரின் கையாளான போர்மன் ஒரு சர்க்குலர் விட்டான். கோண எழுத்து ஜெர்மன் எழுத்தே அல்லவாம், யூத எழுத்தாம், இனி எங்கும் சாதாரண லத்தீன் எழுத்தே வழங்க வேண்டுமாம்! அந்தச் சர்க்குலர்க் காகிதத்தின் தலைப்பே கோண எழுத்தில் அச்சாகியிருந்தது. 1455 வாக்கில் மைன்ஸ் நகரத்துக் கூட்டன்பெர்க் பைபிளை அச்சிட்டதும் கோண எழுத்தில்தான், அவர் கிறிஸ்தவர். சரித்திரமெல்லாம் அவர்களுக்கு எதற்கு? பிடித்த நாடுகளில் ஜனங்களுக்குக் கோண எழுத்தைப் படிக்க வரவில்லை. உத்தரவு போட லத்தீன் எழுத்து தேவைப்பட்டது. காரியம் மாறவே இனமும் மாறிற்று!

எழுத்து விஷயத்தில் வேடிக்கையாகத் தோன்றும் இந்த இனப் புளுகே, மனிதர் விஷயத்தில் சுமார் 60 லட்சம் யூதர்களின் உயிரைக் குடித்தது. எழுத்துக்கு இனம் உண்டென்றால் நம்பிய ஜனங்கள், பக்கத்து வீட்டுக்காரனின் இரத்தம் கெட்டதென்றபோதும் நம்பினார்கள்.

இன்றும் சிலர் கோண எழுத்தைக் கண்டாலே "நாஜி எழுத்து" என்று மிரளுகின்றார்கள். அதுவும் மூடத்தனமே, அதைத் தள்ளிவைத்தவர்களே நாஜிகள்தாம்.

தோழர்களே! ஒரு பொருளில் பரிசுத்தமோ தீட்டோ இருக்கின்றதென்று எவன் சொன்னாலும் இரண்டு கேள்வி கேளுங்கள். "நேற்று என்ன சொன்னாய்? இன்று இதனால் யாருக்கு லாபம்?" பதில் வராத இடத்தில் உங்கள் புத்தியை அடகு வைக்காதீர்கள்.