பழைய லேப்டாப்புக்கு எந்த லினக்ஸ்? பென் டிரைவே பதில் சொல்லும்!

'இந்த கம்ப்யூட்டரில் விண்டோஸ் 11 இயங்காது' என்ற அறிவிப்பைப் பார்த்துவிட்டு, நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் லேப்டாப்பை எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிடலாமா என்று யோசிக்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டுகளை 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. வீட்டில் பயன்படுத்துபவர்கள் தனியாகப் பதிவு செய்துகொண்டால், 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்பு. அதன் பிறகும் லேப்டாப் ஓடத்தான் செய்யும். ஆனால், புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்க ஆள் இருக்காது. அப்பாவின் நெட் பேங்கிங்கும் ஆதார், பான் கார்டு காப்பிகளும் அந்த மெஷினில்தானே இருக்கின்றன?

இந்த இடத்தில்தான் இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் கைகொடுக்கும். புதியவர்கள் தடுமாறுவது அடுத்த கேள்வியில்தான். உபுன்டு, மின்ட், ஃபெடோரா, ஜோரின்... எது? லினக்ஸ் என்பது மாவு மாதிரி. ஒரே மாவில் இட்லியும் ஊற்றலாம், தோசையும் வார்க்கலாம், பணியாரமும் சுடலாம். அப்படி வார்த்தெடுத்த ஒவ்வொன்றையும் 'டிஸ்ட்ரோ' என்கிறார்கள். 2011-ல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா லேப்டாப்கள் பலவற்றில் விண்டோஸோடு 'பாஸ்' என்ற லினக்ஸும் இருந்தது. அதுவும் ஒரு டிஸ்ட்ரோதான். திறந்துகூடப் பார்க்காமல் காலேஜ் முடித்தவர்கள் ஏராளம்!

யூடியூபில் 'டாப் 10 லினக்ஸ்' வீடியோக்களைப் பார்த்தால் குழப்பம்தான் மிஞ்சும். என்னைக் கேட்டால், முதல் முறை வருபவர்களுக்கு லினக்ஸ் மின்ட் போதும். இடது மூலையில் மெனு, கீழே டாஸ்க்பார் என விண்டோஸில் பழகிய கை தடுமாறாது. மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை அப்டேட் உண்டு. இதில் மூன்று வகைகள். 4 ஜிபி ரேமுக்கு மேல் இருந்தால் 'சினமன்', அதற்குக் குறைவென்றால் 'எக்ஸ்.எஃப்.சி.இ'. மூன்றாவதான 'மாட்டே' பற்றி இப்போதைக்குக் கவலை வேண்டாம்.

உபுன்டுவும் நல்லதுதான். கல்லூரி லேபில் அதைப் பழகிய பிள்ளை வீட்டில் இருந்தால் அதையே போடுங்கள். சிக்கல் வந்தால் கூப்பிட ஆள் இருக்கிறதே! பார்க்க விண்டோஸ் போலவே, இன்னும் பளபளப்பாக வேண்டுமென்றால் ஜோரின். ஆர்ச், கென்டூ என்று யாராவது ஆசை காட்டினால், ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம் என்று சொல்லிவிடுங்கள்.

ஆனால், இறுதித் தீர்ப்பை நானோ யூடியூபரோ சொல்ல முடியாது. உங்கள் லேப்டாப்தான் சொல்ல வேண்டும். அதற்குத் தேவை 8 ஜிபி பென் டிரைவ் ஒன்று. மின்ட்டின் இணையதளத்திலிருந்து ஐ.எஸ்.ஓ ஃபைலை இறக்குங்கள். சுமார் 3 ஜிபி வரும். தினமும் 1.5 ஜிபி தரும் டேட்டா பேக்கில் முடியாது, வைஃபை உள்ள வீடாகப் பாருங்கள். 'ரூஃபஸ்' என்ற இலவச மென்பொருளால் அதை பென் டிரைவில் ஏற்ற வேண்டும். பென் டிரைவில் இருந்தவை அழிந்துவிடும், ஜாக்கிரதை. பிறகு லேப்டாப்பை ரீஸ்டார்ட் செய்து, எஃப்12 (சில கம்பெனிகளில் எஃப்9 அல்லது எஸ்கேப்) அழுத்தி, பென் டிரைவைத் தேர்ந்தெடுத்தால், எதையும் இன்ஸ்டால் செய்யாமலே லினக்ஸ் திறக்கும். உங்கள் விண்டோஸ் அப்படியே இருக்கும்.

அரை மணி நேரம் ஒதுக்குங்கள். வைஃபை பிடிக்கிறதா? சத்தம் வருகிறதா? கேமரா? மூடித் திறந்தால் விழிக்கிறதா? வீட்டு பிரின்டரில் ஒரு பக்கம் வருகிறதா? கீபோர்டு செட்டிங்கில் தமிழ்99 சேர்த்து, உங்கள் பெயரை அடித்துப் பாருங்கள். வேகத்தை மட்டும் இப்போது எடைபோடாதீர்கள். பென் டிரைவிலிருந்து ஓடும்போது எல்லாமே மெதுவாகத்தான் இருக்கும்.

யாருக்கு லினக்ஸ் சரிப்படாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். டேலியில் கணக்கு எழுதுபவர்கள், போட்டோஷாப்பில் பிழைப்பு நடத்தும் ஸ்டூடியோக்காரர்கள், வேலரன்ட் விளையாடும் தம்பிகள். இவை எதுவும் லினக்ஸில் நேரடியாக ஓடாது. எக்செல், வேர்டு ஃபைல்களை லிப்ரே ஆபீஸில் திறக்கலாம். சிக்கலான ஃபார்மட் கொஞ்சம் நகரும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த தமிழ் ஃபைல்கள் இருந்தால், அந்த எழுத்துருவையும் மறக்காமல் காப்பி எடுத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் கல்யாணப் பத்திரிகை முழுக்க ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரியும்.

எல்லாம் சரியாக இருந்தால் இன்ஸ்டால் செய்யலாம். அப்போது 'இரேஸ் டிஸ்க்' என்ற ஒரு வாய்ப்பு வரும். அதைத் தொட்டால் குழந்தையின் முதல் பிறந்தநாள் போட்டோ உட்பட டிஸ்க்கில் உள்ள அனைத்தும் காலி. எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் காப்பி எடுத்து, அதை வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து பார்த்த பிறகு அந்த பட்டனுக்குப் போங்கள். வேலை முடிந்ததும் பென் டிரைவை ஃபார்மட் செய்ய வேண்டாம். பக்கத்து வீட்டிலும் ஒரு விண்டோஸ் 10 லேப்டாப் இருக்கும்.