சரக்கு வாங்கியவர் ஒருவர். சீட்டு கிழிந்தது கோச்சுக்கு!

2022 ஏப்ரல் 10-ந்தேதி இரவு. அமெரிக்காவின் டென்வர் நகரம். லாஸ் ஏஞ்சல்ஸ் 'லேக்கர்ஸ்' கூடைப்பந்துக் குழுவுக்கு அந்த சீசனின் கடைசி ஆட்டம். ஆட்டத்தில் லேக்கர்ஸ் ஜெயித்துவிட்டது. ஜெயித்து என்ன பயன்? அதற்கு முன்பே கப்பல் கவிழ்ந்துவிட்டது!

நிருபர்கள் கோச் பிராங்க் வோகலைச் சூழ்ந்துகொண்டார்கள். வேலை போய்விட்டதாமே என்று கேட்டார்கள். தன்னிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை என்றார் மனிதர். மறுநாளே சீட்டு கிழிந்தது!

இரண்டே வருஷத்துக்கு முன்பு, 2020-ல், இதே வோகல்தான் லேக்கர்சுக்கு 17-வது சாம்பியன் பட்டத்தை வாங்கிக் கொடுத்தவர். அப்போது கெட்டிக்காரர், இப்போது உதவாக்கரையா? இது என்ன நியாயம்?

கோட்டை விட்டது எங்கே?

2020-ல் பட்டம் வாங்கித் தந்தது லெப்ரான் ஜேம்ஸ், ஆண்டனி டேவிஸ் என்ற இரண்டு பெரிய தலைகள் மட்டுமல்ல. எதிரியை மடக்க உயிரைக் கொடுத்து ஓடிய கால்டுவெல்-போப், அலெக்ஸ் கரூசோ, கைல் குஸ்மா போன்ற சின்னப் பெயர்களும்தான்.

2021 ஆகஸ்டில் நிர்வாகம் என்ன செய்தது? குஸ்மா, கால்டுவெல்-போப், ஹாரல் மூவரையும் வாஷிங்டன் குழுவுக்குத் தள்ளிவிட்டு, ரஸ்ஸல் வெஸ்ட்புரூக்கை வாங்கியது. கரூசோவையும் சிகாகோவுக்குப் போகவிட்டது. காலியான இடங்களுக்கு கார்மெலோ ஆண்டனி, டுவைட் ஹோவர்ட் போன்ற பழைய புலிகள் வந்தார்கள். பேரும் பெரிசு, வயசும் பெரிசு!

வெஸ்ட்புரூக் லேசுப்பட்டவர் அல்ல. 2017-ல் லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கியவர். ஒரு சீசனுக்குச் சம்பளம் சுமார் 4 கோடியே 40 லட்சம் டாலர்! ஆனால் பந்தைத் தன் கையில் வைத்துக்கொண்டு ஆடியே பழகியவர். லெப்ரானும் அப்படித்தான். மைதானத்தில் ஒரு பக்கத்துக்கு 5 பேர். பந்தோ ஒன்றே ஒன்று. பந்து மற்றவர் கையில் இருக்கும்போது, தூரத்தில் நின்று வாங்கி எறிந்து மூன்று பாயிண்டு எடுக்கத் தெரிய வேண்டும். அதில் வெஸ்ட்புரூக் மட்டம். பத்து எறிந்தால் மூன்று தேறுவதே கஷ்டம்.

கல்லாவில் உட்கார இரண்டு பேர் போட்டி போட்டால், சரக்கை நிறுத்துக் கட்டுவது யார்?

காயம்தான் காரணமா?

82 ஆட்டங்களில் 33 வெற்றி, 49 தோல்வி. மேற்குப் பிரிவில் உள்ள 15 குழுக்களில் 11-வது இடம். 10-வது இடம் கிடைத்திருந்தால்கூட அடுத்த சுற்றுக்கான தகுதி ஆட்டத்தில் எட்டிப் பார்த்திருக்கலாம். அந்த இடத்தைப் பிடித்த சான் அன்டோனியோவுக்கு 34 வெற்றி. ஒன்றே ஒன்று கூடுதல்! ஏப்ரல் 5-ந்தேதி பீனிக்ஸ் குழுவிடம் 121-110 என்று உதை வாங்கியதும் கதை முடிந்தது.

காயம் வந்து கெடுத்துவிட்டது என்று சமாதானம் சொல்கிறவர்கள் உண்டு. டேவிஸ் ஆடியது 40 ஆட்டம். லெப்ரான் 56. அதிலும் அந்த 37 வயதுக்காரர் சராசரியாக ஆட்டத்துக்கு 30 பாயிண்டு எடுத்தார். எல்லாம் வாஸ்தவம்தான். ஆனால் மூன்று நட்சத்திரங்களும் சேர்ந்து இறங்கிய ஆட்டங்கள் 21. அதில் வெற்றி 11, தோல்வி 10! ஆள் முழுசாக இருந்தபோதும் பாதிக்குப் பாதிதான். கோளாறு காலில் மட்டும் இல்லை. குழுவைக் கட்டிய விதத்திலேயே இருந்தது.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம்!

ரசிகர்களின் ஆத்திரம் வெஸ்ட்புரூக் மேல் பாய்ந்தது. இத்தனைக்கும் அந்தப் பக்கத்துப் பிள்ளை. 78 ஆட்டங்களில் இறங்கி ஓடியவர். அவர் பெயரையே திரித்துக் கேலி செய்தார்கள். குடும்பத்தைக்கூட விட்டுவைக்கவில்லை என்று 2022 மார்ச்சில் அவரே நொந்துபோய்ச் சொன்னார். டிக்கெட் வாங்கியவனுக்குக் கோபப்பட உரிமை உண்டு. ஆட்டக்காரனின் பெண்டு பிள்ளைகளை ஏச உரிமை கிடையாது.

அவர் ஆடும் விதம் 13 வருஷமாக ஊரறிந்தது. தெரிந்தே வாங்கியது யார்? அந்த வியாபாரத்தை முடித்த பொது மானேஜர் ராப் பெலிங்காவின் நாற்காலி ஆடவே இல்லை. போனது கோச்!

கோச் மாறியதும் விடிந்துவிட்டதா? புதுக் கோச் டார்வின் ஹாம் வந்தும், அடுத்த சீசன் 2 வெற்றி, 10 தோல்வி என்றுதான் தொடங்கியது. 2023 பிப்ரவரியில் வெஸ்ட்புரூக்கை அனுப்பிவிட்டு, குறிபார்த்து எறிகிறவர்களையும் தடுத்து ஆடுகிறவர்களையும் வாங்கினார்கள். அதே கோச், அதே லெப்ரான்; குழு மேற்குப் பிரிவின் இறுதிச் சுற்றுவரை போனது! வியாதி எது என்று இதைவிடவா சாட்சி வேண்டும்?

அந்தச் சுற்றில் லேக்கர்சை 4-0 என்று துடைத்துப் போட்டது டென்வர். பிறகு பட்டத்தையும் தட்டிச் சென்றது. அந்த டென்வர் குழுவில் ஆடியவர்களில் ஒருவர் கால்டுவெல்-போப். 2021-ல் லேக்கர்ஸ் தள்ளிவிட்ட அதே ஆள்!

கோச்சின் சீட்டைக் கிழிக்க ஒரு நாள் போதும். கொள்முதல் செய்தவரிடம் கணக்குக் கேட்கத்தான் யாருக்கும் மனசு வருவதில்லை.