சாக்குருவின்னு சொல்லாதீங்கப்பா

எங்க குடியிருப்புக்குப் பின்னாடி மூடி உடைஞ்ச காலித் தண்ணித் தொட்டி ஒண்ணு இருக்கு. அதுல ஒரு கூகை ஜோடி. ராத்திரி பதினோரு மணிக்கு மேல கிரீச்ச்ச்னு ஒரு அலறல். வயித்தைக் கலக்கும்தான், ஒத்துக்கறேன். "தம்பி, அது சாக்குருவி. வெடி வச்சு விரட்டணும்"னு கீழ்வீட்டு மாமா எல்லார்கிட்டயும் கையெழுத்து வாங்கறார். நான் போடலை. காரணத்தைச் சொல்ல ஆரம்பிச்சேன், பாதியிலயே எழுந்து போயிட்டார். அதான் உங்க தலையில கொட்டறேன்.

ஆந்தை இருட்டுல கண்ணை வச்சுத்தான் எலி பிடிக்குதுன்னு நானும் நினைச்சிட்டிருந்தேன். கண்ணு நல்லாத்தான் தெரியும். ஆனா கூகையோட பெரிய ஆயுதம் காது. அமெரிக்காவுல ரோஜர் பெய்ன் என்பவர் (பின்னாடி திமிங்கிலப் பாட்டைப் பதிவு பண்ணிப் புகழ் பெற்றாரே, அவரேதான்) கும்மிருட்டு அறையில தரையெல்லாம் சருகு பரப்பிக் கூகையை விட்டுப் பார்த்தார். எலி ஓடின சத்தத்தை வச்சே பாய்ஞ்சு பிடிச்சுது. வாசனையோ, உடம்புச் சூடோன்னு சந்தேகம் வரும் இல்லையா? எலிக்குப் பதிலா ஒரு காகித உருண்டையை நூல்ல கட்டி சருகுக்குள்ள இழுத்தார். அது மேலயும் பாய்ஞ்சுது! 1971ல இதைக் கட்டுரையா வெளியிட்டார்.

சூட்சுமம் என்னன்னா, ரெண்டு காதும் ஒரே மட்டத்துல இல்லை. இடது காதுத் துளை கொஞ்சம் மேல இருக்கு, ஆனா கீழ்ப்பக்கம் பார்த்திருக்கு. வலது நேர்மாறு. அதனால கீழே இருந்து வர்ற சத்தம் இடது காதுல கூடுதலா விழும். எந்தக் காதுக்கு முதல்ல வந்துச்சுங்கற நூலிழை நேர வித்தியாசத்துல இடமா வலமான்னு தெரிஞ்சுடும். அந்த இதய வடிவ மூஞ்சி அழகுக்கு இல்லீங்க, சத்தத்தைக் குவிச்சுக் காதுக்கு அனுப்பற தட்டு. இறக்கை ஓரத்துல சீப்பு மாதிரிப் பிசிறு இருக்கறதால பறக்கற சத்தம் எலிக்கும் கேக்காது, அதோட காதையும் குழப்பாது.

டெல்டா பக்கம் நெல் வயல்ல தென்னை மட்டையைத் தலைகீழா நட்டு வைப்பாங்க, ஆந்தை வந்து உக்காரட்டும்னு. இங்க மாமா வெடி வாங்கறார்!

எனக்கு வெடியை விடப் பெரிய பயம் எலி மருந்து. புரோமாடையலோன் மாதிரி மருந்தைத் தின்ன எலி உடனே சாகாது, சில நாள் தள்ளாடிட்டுத் திரியும். தள்ளாடற எலிதான் சுலபமா மாட்டும். விஷமும் சேர்ந்து கூகை வயித்துக்குள்ள போகும். 1972 வன உயிரினச் சட்டத்துல பாதுகாக்கப்பட்ட பறவை இது, வெடி வச்சா கேக்க ஆள் உண்டு. மருந்து வச்சவங்களை யார் கேக்கறது?

ஞாயித்துக்கிழமை குடியிருப்புக் கூட்டம். எலி மருந்து வாங்கறதும் பட்டியல்ல இருக்கு. கூகை கக்கின உருண்டைங்க நாலு, தொட்டிக்கு அடியில பொறுக்கினது, ஒரு டப்பாவுல வச்சிருக்கேன். எல்லாம் எலி முடியும் எலும்பும். மாமா முன்னாடி பிரிச்சுக் காட்டப் போறேன். என்ன ஆச்சுன்னு அடுத்த பதிவுல.